விளக்கொளியும் பங்குனி ஆமையும்

கேள்வி: இருண்ட இரவு வானத்துக்காகச் சாதாரணக் குடிமக்கள் குரல் கொடுப்பதால் பயனுண்டா?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: உண்டு, சான்று குரோம்பேட்டைக்குக் கிழக்கே, கடற்கரையிலேயே இருக்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும் பங்குனி ஆமைக் குஞ்சுகள், இரவில் நிலத்தைவிட வெளிச்சமாகத் தெரியும் கடலின் அடிவானத்தை நோக்கியே நகரும் இயல்புடையவை என்பதால், கரையோர மின்விளக்குகள் அவற்றைச் சாலைப்பக்கம் திருப்பிச் சாகடிக்கின்றன; இவ்வாறு கேடு செய்யும் செயற்கை வெளிச்சமே ஒளி மாசு எனப்படுகிறது. 1988 முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து முட்டைகளைக் காத்துவரும் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள், ஆமைப் பருவத்தில் இவ்விளக்குகளை அணைக்குமாறு கோரினர். மாநகராட்சி அணைத்ததும் உண்டு. தெருக்களிலோ விளக்கை அணைக்கவே வேண்டியதில்லை: ஒளி கீழ்நோக்கி மட்டும் விழுமாறு மூடியிட்டு, நீலம் குறைந்த மஞ்சள் விளக்குகளைப் பொருத்துமாறு குரோம்பேட்டைவாசிகள் தாம்பரம் மாநகராட்சியிடம் தாராளமாகக் கேட்கலாம்.