ராஜாஜி எதை எதிர்த்தார்?

கேள்வி: சுதந்திரா கட்சியைப் 'பணக்காரர் கட்சி' என்றே எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சரிதானா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பாதி சரி. சமஸ்தான மன்னர்களும் முதலாளிகளும் அதில் இருந்தார்கள். ஆனால் 1959-ல், எண்பது வயதில், ராஜாஜி கட்சி தொடங்கியதற்கு உடனடிக் காரணம் காங்கிரஸின் நாகபுரி கூட்டுப் பண்ணைத் தீர்மானம். விவசாயியின் நிலம் கைவிட்டுப் போகும் என்று பயந்தார். இன்னொன்று, அவர் 'பர்மிட் லைசென்ஸ் ராஜ்' என்று சாடிய முறை. 1951-ம் ஆண்டுச் சட்டப்படி பெரிய ஆலை தொடங்க லைசென்ஸ், விரிவாக்க இன்னொரு லைசென்ஸ், அனுமதித்த அளவை மீறி உற்பத்தி செய்தால் அதுவும் தப்பு! பொருளுக்குத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் இந்தக் கூத்து. லைசென்ஸ் கொடுக்கிற கை தேர்தல் நிதிக்கும் நீளும் என்று அவர் எச்சரித்தது வீண் பயமல்ல. 1952-ல் சென்னை மாநில முதல்வரானதும் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கிக் காட்டியவர் அவர். வேடிக்கை என்னவென்றால், கட்டுப்பாட்டை நீக்கிய அவர் 1967-ல் கைகோத்த தி.மு.க.வின் வாக்குறுதியோ, அரசே மலிவாகத் தரும் ரூபாய்க்கு மூன்று படி அரிசி! அந்தத் தேர்தலில் சுதந்திரா மக்களவையில் 44 இடங்கள் பிடித்தது. 1974-ல் கட்சியே இல்லை. பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் ஒழிந்தது 1991 ஜூலையில், அதுவும் காங்கிரஸ் ஆட்சியில்.