பாதிக்கப்பட்ட பெண்ணுக்குச் சட்டம் தரும் துணை

பழைய நாளேடுகளைப் புரட்டினால் ‘கற்பழிப்பு’ என்னும் சொல் அடிக்கடி கண்ணில் படும். குற்றம் செய்தவன் ஒருவன்; அழிந்துபோனதாகச் சொல்லப்படுவதோ குற்றத்துக்கு ஆளானவளின் கற்பு! திருடு போன வீட்டைப் பார்த்து, ‘இந்த வீடு மானம் இழந்தது’ என்று நாம் சொல்வதில்லை. இன்று பாலியல் வன்முறை என்றும் பாலியல் வன்கொடுமை என்றும் எழுதுகிறோம். சொல் மாறியது நன்றே. சொல்லுக்குப் பின்னே நின்ற எண்ணம் மாறிற்றா என்பதுதான் கேள்வி.

சட்டம் இன்று பெண்ணுக்குத் தந்திருக்கும் உரிமைகள் பல. ஆயினும் அவை அவளைச் சென்றடைவதும் அடையாமற் போவதும், அவள் முதன்முதலில் யாரிடம் வாய் திறக்கிறாளோ அவர் என்ன கேட்கிறார் என்பதையே பெரிதும் பொறுத்திருக்கிறது. கல்லூரி மாணவி ஒருத்தி வாய் திறந்தால் அது தோழியிடமாக இருக்கும்; அல்லது நம்பிக்கைக்குரிய பேராசிரியை ஒருவரிடமாக இருக்கும். ஆகவே இக்கட்டுரையைப் பாதிக்கப்பட்டவளுக்காக மட்டுமன்றி, கேட்கும் இடத்தில் நிற்கும் நமக்காகவும் எழுதுகிறேன்.

‘நீ ஏன் கூச்சல் போடவில்லை?’ என்பதே எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி. நம் நாட்டு உச்ச நீதிமன்றமே ஒரு காலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டது. 1972 மார்ச் மாதத்தில் மகாராஷ்டிர மாநிலம் சந்திரபூர் மாவட்டத்தில், தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்குள்ளேயே பழங்குடிச் சிறுமி ஒருத்தி இரு காவலர்களால் சீரழிக்கப்பட்டாள். ‘மதுரா வழக்கு’ என்று சட்ட நூல்கள் குறிப்பது இதனைத்தான். கீழ் நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் தண்டித்தது. உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. சிறுமியின் உடலில் காயமில்லை, கூக்குரலும் எழவில்லை, ஆகவே எதிர்ப்பும் இல்லை என்பது அத்தீர்ப்பின் போக்கு. உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்னும் சட்டப் பேராசிரியர் நால்வர் 1979இல் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதினர். நாடெங்கும் பெண்கள் வீதிக்கு வந்தனர். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. கல்லூரி ஆசிரியர்கள் எழுதிய ஒரு கடிதத்துக்கு இத்தனை வலிமை இருந்தது என்பதை நம் பேராசிரியப் பெருமக்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

அந்த முதற் கேள்விக்கு விலங்கியலிலேயே விடை இருக்கிறது. ஆபத்து நேர்ந்தால் உயிரினம் எதிர்த்து நிற்கும் அல்லது ஓடிவிடும் என்று முதலாண்டிலேயே படித்தோம். மூன்றாவது ஒன்றும் உண்டு. ஓடவும் வழியில்லை, எதிர்க்கவும் வலுவில்லை என்ற நிலையில் உடல் அப்படியே உறைந்துவிடும். கை கால் அசையாது, குரல் எழும்பாது. கோழி முதல் மனிதர் வரை இது காணப்படுகிறது. இது சம்மதமன்று, அச்சத்தின் உச்சம். தில்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடுமைக்குப் பின் 2013இல் வந்த சட்டத் திருத்தம் இதை ஒருவாறு ஏற்றுக்கொண்டது. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பெண் சம்மதித்தாள் என்று கொள்ளக் கூடாது என்று அது சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் அவ்விளக்கம் தொடர்கிறது. அவளுடைய பழைய வாழ்க்கையைக் கிளறிக் குறுக்கு விசாரணை செய்வதையும் இன்றைய சாட்சியச் சட்டம் தடுக்கிறது. சட்டம் விட்டுவிட்ட கேள்வியை நாம் மட்டும் ஏன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்?

அடுத்து வருவது பெயர். பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இதுவும் 1983 திருத்தத்தில் பிறந்ததே. ஆனால் அண்மையில் நம் பகுதிக்கு மிக அருகிலேயே இவ்விதி மீறப்பட்டது. 2024 டிசம்பர் 23ஆம் நாள் இரவு, கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். மறுநாளே கோட்டூர்புரம் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் துணிந்து புகார் கொடுத்தார். அவர் செய்தது முற்றிலும் சரி. ஆனால் முதல் தகவல் அறிக்கை அவருடைய விவரங்களோடு வெளியே கசிந்து ஊரெல்லாம் பரவியது. அவ்வறிக்கையின் வாசகமே பெண்ணைக் குறைகூறும் தொனியில் இருந்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. டிசம்பர் 28 அன்று மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. கசிவினால் நேர்ந்த துன்பத்துக்காக மாணவிக்கு 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க அரசுக்கு ஆணையிட்டது. அவர் படிப்பைக் கட்டணமின்றித் தொடரவும் வழி செய்தது. 2025 மே 28 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. ஜூன் 2 அன்று, முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. புகாரிலிருந்து தீர்ப்பு வரை ஐந்து மாதங்கள்தாம்.

பொள்ளாச்சியிலும் இவ்வாறே நடந்தது. 2019இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல் அதிகாரியே செய்தியாளர்களிடம் கூறிவிட்டார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கும் 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்புக் கூறியபோது, சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்று அரசு வழக்கறிஞர் தெரிவித்தார். அப்பெண்களின் உறுதியை எண்ணிப் பாருங்கள்! பெயரைக் காப்பது அதிகாரிகளின் கடமை மட்டுமன்று. விடுதி அறையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் ‘யார் அந்தப் பெண்?’ என்று விசாரிப்பவரும் அதே வேலையைத்தான் செய்கிறார்.

இனி நடைமுறைக்கு வருவோம். நம்மில் பலர் செங்கல்பட்டிலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் பல்லாவரத்திலிருந்தும் மின்சார ரயிலில் வந்து போகிறவர்கள். ஓடும் வண்டியில் அத்துமீறல் நடந்தால் அது எந்தக் காவல் நிலையத்தின் எல்லை? தண்டவாளம் ரயில்வே காவல் துறையைச் சேர்ந்தது. தாம்பரம் பகுதிக்கு 2022 முதல் தனிக் காவல் ஆணையரகம் உண்டு. கிண்டியோ சென்னை மாநகர ஆணையரகத்தின் கீழ் வருகிறது. இந்தக் கணக்கெல்லாம் பாதிக்கப்பட்டவள் போட வேண்டியதன்று. எல்லை எதுவாயினும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிந்துகொண்டு, பிறகு உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். இதைத்தான் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்கிறார்கள். பாலியல் குற்றப் புகாரைப் பதிய மறுக்கும் காவல் அலுவலருக்குப் புதிய சட்டத்தின் 199ஆம் பிரிவு சிறைத் தண்டனை வைத்திருக்கிறது. வாக்குமூலத்தைப் பெண் காவலர்தான் எழுத வேண்டும். அறிக்கையின் படியை இலவசமாகத் தர வேண்டும். கையெழுத்திடுமுன் முழுவதையும் படித்துப் பார்க்க வேண்டும். அப்போது கூட ஒருவர் இருந்தால் அது பெரும் பலம்.

காவல் நிலையத்துக்குப் போகத் துணிவு வரவில்லையா? முதலில் மருத்துவமனைக்குப் போகலாம். இதைப் பலர் அறியார். அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் உடனே இலவச முதலுதவியும் சிகிச்சையும் அளித்தாக வேண்டும். ‘போலீஸ் கேஸ், வேறிடம் போ’ என்று திருப்பி அனுப்புவது குற்றம். மருத்துவமனை காவல் துறைக்குத் தகவல் சொல்லும். ஆனால் சோதனைக்கு உடன்படுவதும் மறுப்பதும் பெண்ணின் விருப்பம். மறுத்தாலும் சிகிச்சை நிற்கக் கூடாது. இருவிரல் சோதனை என்னும் இழிவான முறையை உச்ச நீதிமன்றம் 2013லேயே கண்டித்தது. 2022இல் அதை அடியோடு விலக்கியது.

இங்கே காலம் மிக முக்கியம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு முன்னதாகவோ அவ்வளவு நல்லது. கருத்தடை மாத்திரைக்கும் அப்படியே. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைப்படி 96 மணி நேரம் வரை உடலிலிருந்து தடயம் எடுக்கலாம். குளித்துவிட வேண்டும், துணியைத் துவைத்துவிட வேண்டும் என்றுதான் மனம் துடிக்கும். முடிந்தால் அதைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். துணியைப் பாலிதீன் பையில் போடாமல் காகிதத்தில் சுற்றி வையுங்கள். பாலிதீனுக்குள் ஈரம் தங்கினால் நுண்ணுயிர்கள் பெருகி டி.என்.ஏ. சிதைந்துவிடும். ஒருவேளை குளித்திருந்தாலும் வழக்கு போயிற்று என்று எவரும் சொல்லிவிட வேண்டாம். பெண்ணின் நம்பத்தக்க சாட்சியம் ஒன்றே தண்டனைக்குப் போதும் என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன.

பேராசிரியர்களுக்கு ஒரு செய்தி. முதலாண்டில் சேரும் மாணவியர் பலருக்கு வயது பதினேழுதான். பதினெட்டு நிரம்பாதவர் என்றால் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் பொருந்தும்; அது ஆண் பிள்ளைகளையும் காக்கும். அறிந்தவர் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் மறைத்தவருக்கே தண்டனை. பதினெட்டு நிரம்பியவர் என்றால் முடிவு அவருடையது. நாம் கையைப் பிடித்து இழுக்கலாகாது. கல்லூரிக்குள் நடக்கும் தொல்லைகளை விசாரிக்க உள்ளகக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். மூன்று மாதத்துக்குள் அதனிடம் எழுத்தில் முறையிடலாம். அதன் உறுப்பினர் பெயர்கள் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்க வேண்டும். குழுவிடம் சொன்னதால் காவல் துறைக்குப் போகும் உரிமை போய்விடாது.

எங்கள் குடும்பத்தில் நீதிமன்றப் படியேறியவர் எவருமில்லை. வக்கீல் என்றாலே நகை அடகுக் கடைக்குப் போகும் என்பதுதான் என் தாயார் போன்றோரின் அச்சம். அதற்குக் காரணமில்லை. குற்ற வழக்கை நடத்துவது அரசு. வாதாடுபவர் அரசு வழக்கறிஞர். தனியே சட்ட ஆலோசனை வேண்டுமானால், 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்ணுக்கு வழக்கறிஞர் இலவசம். நம் பகுதியினர் செங்கல்பட்டு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். தொலைபேசி எண் 15100. இழப்பீடும் அதன் வழியேதான். தேசியச் சட்டப்பணிகள் ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுத் திட்டம் வன்புணர்ச்சிக்கு 4 முதல் 7 இலட்சம் ரூபாய் வரை என்று வகுத்திருக்கிறது. தீர்ப்பு வரும் வரை காத்திராமல் இடைக்கால இழப்பீடும் கேட்கலாம்.

காத்திருப்பது எத்துணைக் கொடியது என்பதை வாச்சாத்தி சொல்லும். தர்மபுரி மாவட்டத்து மலையடிவாரச் சிற்றூர் அது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடி வந்த வனத்துறையினரும் காவலரும் வருவாய்த் துறையினரும் அவ்வூரைச் சூறையாடினர். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். அப்பெண்கள் கூறியதைப் பல ஆண்டுகள் அரசு ஏற்கவில்லை. மலைவாழ் மக்கள் சங்கம் துணை நின்று வழக்கைத் தாங்கியது. 2011இல் உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, 18 பெண்களுக்கும் தலா 10 இலட்சம் வழங்க ஆணையிட்டது. முப்பத்தோராண்டுகள்! படிப்பறிவு அதிகமில்லாத அப்பெண்கள் ஒருவருக்கொருவர் துணையாயிருந்ததால்தான் நீதிமன்றத்தில் தளராமல் நின்றனர் என்று நான் எண்ணுகிறேன்.

மனம் மீள்வதற்கும் தனியே நிற்காத அந்த நிலையே மருந்து. தூக்கம் வராது, படித்தது மனத்தில் நிற்காது, ஒரு வாசனையோ ஓசையோ அந்த நேரத்தைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தும். இது பைத்தியமன்று, தேறக் கூடியது. மகளிர் உதவி எண் 181 இரவும் பகலும் இயங்குகிறது. அதன் வழியே ஒருங்கிணைந்த சேவை மையத்தை அடையலாம். அங்கே மருத்துவம், காவல், சட்டம், மனநல ஆலோசனை, சில நாள் தங்குமிடம் ஆகியவை ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். மனநல ஆலோசனை மட்டும் வேண்டுவோர் 14416இல் தமிழிலேயே பேசலாம். சென்னையில் 2001 முதல் பி.சி.வி.சி. என்னும் தொண்டு நிறுவனம் வன்முறைக்கு ஆளான பெண்களுக்குத் துணை நிற்கிறது. தோழியின் பங்கு இவற்றைவிடச் சிறியதன்று: வருகைப் பதிவு குறைந்தால் துறைத் தலைவரிடம் காரணம் சொல்லாமலே விடுப்புக் கேட்டு வாங்குவது, விட்டுப்போன செய்முறைக் குறிப்பை எழுதித் தருவது, வழக்கு நாளில் செங்கல்பட்டு வரை ரயிலில் உடன் போய், நீதிமன்றத்தில் அழைக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது.