64 கிலோபிட்டிலிருந்து தொடங்குங்கள்: தொலைத்தொடர்பு, குரல் – தரவு வலையமைப்பு முக்கியக் குறிப்புகள்

தொலைத்தொடர்புப் பாடத்தில் எண்கள் ஏராளம். தனித்தனியாக மனப்பாடம் செய்தால் தேர்வறையில் 1.544-ம் 2.048-ம் இடம் மாறிவிடும். இவற்றில் பாதிக்கு மேல் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை. பிறந்த வழி தெரிந்தால் மறந்த எண்ணையும் விடைத்தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். கணக்குகளுக்கு முன்னால் ஓர் அடிப்படையை மனத்தில் நிறுத்துங்கள்: குரல் சிறு பிழையைப் பொறுக்கும், தாமதத்தைப் பொறுக்காது. தரவு தாமதத்தைப் பொறுக்கும், பிழையைப் பொறுக்காது. "ஏன் இப்படி வடிவமைத்தார்கள்" என்று கேட்கும் வினாக்களில் பெரும்பாலானவற்றுக்கு விடை இதற்குள்தான் இருக்கிறது.

குரல் எண்ணாகும் கணக்கு

• மனிதக் காது கேட்கும் எல்லை 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ். தொலைபேசி அதில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. இசைக்கு இது போதாது. பேசுவது புரியவும், பேசுபவர் யார் என்று அடையாளம் தெரியவும் போதும். இருபுறக் காப்பு இடைவெளியையும் சேர்த்து ஒரு குரல் தடத்துக்கு 4000 ஹெர்ட்ஸ்.

• நைக்விஸ்ட் விதி: ஓர் அலையை மீட்டெடுக்க, அதன் உச்ச அதிர்வெண்ணைப் போல் குறைந்தது இரு மடங்கு மாதிரிகள் வேண்டும். 4000 × 2 = நொடிக்கு 8000 மாதிரிகள். இரு மாதிரிகளுக்கு இடையே 125 மைக்ரோ நொடி. இந்த 125-ஐ மறக்கவே கூடாது. மேலே போகப் போகத் திரும்பத் திரும்ப வரும்.

• ஒரு மாதிரிக்கு 8 பிட், அதாவது 256 நிலைகள். 8000 × 8 = நொடிக்கு 64 கிலோபிட். இந்த முறைக்குப் பெயர் பல்ஸ் கோட் மாடுலேஷன். 1937-இல் இதை உருவாக்கியவர் ஆங்கிலேயப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ்.

• 256 நிலைகளையும் சம இடைவெளியில் வைத்தால் மெல்லிய குரலில் இரைச்சல் தூக்கலாகக் கேட்கும். அதனால் சிறிய ஒலிகளுக்கு நெருக்கமான படிகள், பெரிய ஒலிகளுக்கு அகலமான படிகள். ஐரோப்பாவும் இந்தியாவும் பின்பற்றுவது ஏ-விதி. வட அமெரிக்காவும் ஜப்பானும் மியூ-விதி. இரண்டும் அடங்கிய பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத் (ஐ.டி.யு.) தரம் ஜி.711.

• இ1 (பல குரல்களை ஒரே இணைப்பில் அடுக்கி அனுப்பும் முறை): ஒரு 125 மைக்ரோ நொடிக்குள் 32 காலத்துண்டுகள், ஒவ்வொன்றிலும் 8 பிட், ஆக 256 பிட். 256 × 8000 = நொடிக்கு 2.048 மெகாபிட். துண்டு 0 ஒத்திசைவுக்கு, துண்டு 16 சைகைக்கு. மீதி 30 குரலுக்கு. இந்தியாவில் இதுவே வழக்கு.

• டி1 (அமெரிக்கா): 24 துண்டுகள் × 8 பிட் + ஒத்திசைவுக்கு 1 பிட் = 193 பிட். 193 × 8000 = 1.544 மெகாபிட். அந்த ஒற்றை பிட்டை விட்டுவிட்டால் 1.536 வரும். விடைத் தெரிவுகளில் 1.536-ஐப் பொறியாக வைப்பது வழக்கம்.

• எஸ்.டி.எம்.-1: 9 வரிசை × 270 நிரல் = 2430 பைட். அதே 125 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை அனுப்பினால் 155.52 மெகாபிட். எஸ்.டி.எம்.-4, 16, 64 எல்லாம் இதை அந்தந்த எண்ணால் பெருக்கினால் கிடைப்பவை: 622.08, 2488.32, 9953.28. தனியே மனப்பாடம் தேவையில்லை.

எத்தனை தடங்கள் வேண்டும்?

பயிற்சி மையங்கள் அவசரமாகக் கடந்துபோகும் பகுதி இது. எனக்கோ இந்தப் பாடத்தின் அழகே இங்குதான் இருக்கிறது என்று படுகிறது.

• அக்னர் எர்லாங், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய டேனிஷ் கணிதர். தொலைபேசி நெரிசலைப் பற்றிய அவரது முதல் கட்டுரை 1909-இல் வந்தது. ஒரு தடம் ஒரு மணி நேரம் முழுக்கப் பேச்சில் இருந்தால் அது 1 எர்லாங்.

• ஒரு மணி நேரத்தில் 20 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம்: 60 நிமிடம், ஆக 1 எர்லாங். அப்படியானால் ஒரு தடம் போதுமா? போதாது. அழைப்புகள் வரிசையில் நின்று வருவதில்லை. நூற்றில் ஓர் அழைப்புக்கு மேல் தவறக்கூடாது என்றால் எர்லாங்-பி சூத்திரப்படி 5 தடங்கள் வேண்டும்.

• 10 எர்லாங்குக்கு 50 வேண்டியதில்லை, 18 போதும். கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொரு தடமும் கூடுதலாக உழைக்கிறது. சிறு சிறு குழுக்களாகத் தடங்களைப் பிரிப்பதைவிட ஒரே பெரிய குழுவாக வைப்பது ஏன் சிக்கனம் என்ற வினாவுக்கு இதுவே விடை.

• எர்லாங்-பி: தடம் இல்லையென்றால் அழைப்பு கைவிடப்படும். எர்லாங்-சி: அழைப்பு காத்திருக்கும், வாடிக்கையாளர் சேவை மையங்களுக்கு இது பொருந்தும்.

வீட்டுக்கு வரும் கம்பி

• இணைப்பகம் தரும் மின்னழுத்தம் −48 வோல்ட் (டி.சி.). எதிர்க்குறி ஏன்? நேர்முனை மண்ணோடு இணைக்கப்படுவதால் ஈரத்தில் கிடக்கும் செம்புக் கம்பி மின்பகுப்பால் அரிக்கப்படுவது குறைகிறது.

• பொத்தானை அழுத்தும்போது ஒரே நேரத்தில் இரு ஒலிகள் எழுகின்றன. கிடைவரிசை: 697, 770, 852, 941. நிரல்: 1209, 1336, 1477, 1633 ஹெர்ட்ஸ். 5-ஐ அழுத்தினால் 770-ம் 1336-ம்.

• பெல் காப்புரிமை: 1876 மார்ச் 7. தானியங்கி இணைப்பகக் காப்புரிமை: ஆல்மன் ஸ்ட்ரோஜர், 1891.

• செம்பில் தரவு எவ்வளவு போகும்? 1948-இல் கிளாட் ஷானன் தந்த சூத்திரம்: கொள்ளளவு = பட்டை அகலம் × மடக்கை₂ (1 + சைகை/இரைச்சல்). 3100 ஹெர்ட்ஸ் அகலம், சைகை/இரைச்சல் 30 டெசிபெல் (ஆயிரம் மடங்கு) என்று வைத்தால் ஏறத்தாழ 31 கிலோபிட். இரைச்சல் சற்றுக் குறைந்தால் இந்தக் கூரையும் சற்று உயரும்; சாதாரண மோடம்கள் 33.6 கிலோபிட் அருகில் நின்றுபோனதன் காரணம் இத்தகைய கூரைதான். ஏ.டி.எஸ்.எல். அதே கம்பியில் குரலுக்கு மேலே 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள இடத்தைப் பிடித்துக்கொண்டது. குரலையும் தரவையும் பிரிப்பது ஸ்ப்ளிட்டர்.

தரவின் வழி

• சர்க்யூட் சுவிட்சிங்: பேச்சு முடியும்வரை பாதை ஒதுக்கப்பட்டிருக்கும், பேசாமல் இருந்தாலும் இடம் போகும். பாக்கெட் சுவிட்சிங்: தரவு துண்டுகளாகி, முகவரி தாங்கி, தனித்தனியே செல்லும். 1960-களில் அமெரிக்காவில் பால் பேரனும் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸும் ஒருவரையொருவர் அறியாமலே இந்த முடிவுக்கு வந்தனர். அர்பாநெட்டின் முதல் செய்தி 1969 அக்டோபர் 29, அது டி.சி.பி./ஐ.பி.க்கு மாறியது 1983 ஜனவரி 1.

• ஓ.எஸ்.ஐ. ஏழு அடுக்குகள், கீழிருந்து: பருநிலை, தரவு இணைப்பு, வலையமைப்பு, போக்குவரத்து, அமர்வு, வெளிப்பாடு, பயன்பாடு. ஹப் 1-ஆம் அடுக்கு, சுவிட்ச் 2, ரூட்டர் 3.

• மேக் முகவரி 48 பிட். ஐ.பி.வி4 32 பிட், சுமார் 429 கோடி முகவரிகள். ஐ.பி.வி6 128 பிட். ஈதர்நெட் தரம் ஐ.இ.இ.இ. 802.3, ஒரு சட்டகம் சுமக்கும் உச்ச சுமை 1500 பைட்.

• போர்ட்கள்: எஸ்.எஸ்.எச். 22, டெல்நெட் 23, எஸ்.எம்.டி.பி. 25, டி.என்.எஸ். 53, எச்.டி.டி.பி. 80, எச்.டி.டி.பி.எஸ். 443, எஸ்.ஐ.பி. 5060.

• டி.சி.பி. தொலைந்த பாக்கெட்டை மீண்டும் கேட்டு வாங்கும். யு.டி.பி. கேட்காது. அரை நொடிக்கு முந்தைய எழுத்தொலி தாமதமாக வந்து பயனில்லை என்பதால் இணையக் குரல் யு.டி.பி.யில் போகிறது.

குரல் பாக்கெட்டில் ஏறும்போது

• ஜி.711 குரலை 20 மில்லி நொடித் துண்டுகளாக வெட்டினால் ஒரு துண்டு 160 பைட். தலைப்புகள்: ஐ.பி. 20 + யு.டி.பி. 8 + ஆர்.டி.பி. 12 = 40. மொத்தம் 200 பைட், நொடிக்கு 50 முறை: 80 கிலோபிட். 64 என்று குறித்தால் தவறு.

• ஜி.729 குரலை 8 கிலோபிட்டாகச் சுருக்கும். ஆனால் துண்டு 20 பைட், தலைப்பு 40 பைட். ஆக 24 கிலோபிட். பொருளைவிட உறை இரு மடங்கு எடை. மெதுவான இணைப்புகளில் தலைப்புச் சுருக்கம் ஏன் தேவை என்பது இந்த ஒரு கணக்கிலேயே விளங்கிவிடும்.

• ஐ.டி.யு. ஜி.114: ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருப்பது நலம். புவிநிலைச் செயற்கைக்கோளின் உயரம் 35,786 கி.மீ.; ஏறி இறங்கவே ஏறத்தாழ 240 மில்லி நொடி. செயற்கைக்கோள் வழிப் பேச்சில் இருவர் குரலும் மோதிக்கொள்வதன் காரணம் இது. 2020 ஆகஸ்ட் 10-இல் திறக்கப்பட்ட சென்னை – அந்தமான் நிக்கோபார் கடலடிக் கேபிளின் மொத்த நீளம் சுமார் 2,300 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்வதால் முழு நீளத்துக்கும் 12 மில்லி நொடிக்குள் போதும். அதுவரை செயற்கைக்கோளை நம்பியிருந்த தீவு மக்களுக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது!

ஒளியிழை

• 3 டெசிபெல் = ஆற்றல் இரு மடங்கு. 20 டெசிபெல் = நூறு மடங்கு. 0 டி.பி.எம். = 1 மில்லி வாட்; 30 டி.பி.எம். = 1 வாட்.

• சார்லஸ் காவ் 1966-இல் வைத்த இலக்கு கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் இழப்பு: ஒரு கி.மீ. கடந்தால் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சும். கார்னிங் ஆய்வாளர்கள் 1970-இல் அதைத் தாண்டினர். இன்று 1550 நானோமீட்டரில் இழப்பு சுமார் 0.2 டெசிபெல், அதே நூற்றில் ஒரு பங்கு மிஞ்ச 100 கி.மீ. போகலாம். காவுக்கு இயற்பியல் நோபல் 2009-இல்.

• ஒற்றை முறை இழையின் உள்ளகம் சுமார் 9 மைக்ரோமீட்டர். பன்முறை 50 அல்லது 62.5. உறை இரண்டுக்கும் 125.

கைப்பேசி

• ஜி.எஸ்.எம்.: ஓர் அலைத்தடம் 200 கிலோஹெர்ட்ஸ், 8 காலத்துண்டுகள், முழுவீதக் குரல் 13 கிலோபிட். ஐ.எம்.இ.ஐ. கருவிக்கு, ஐ.எம்.எஸ்.ஐ. சிம்முக்கு.

• 4ஜி-யில் சர்க்யூட் சுவிட்சிங் அறவே இல்லை. குரல் வோல்ட்டி (VoLTE) வழியாகத் தரவாகவே போகிறது, ஆனால் தனி வகுப்பில். அந்த வகுப்பைக் குறிக்கும் எண் கியூ.சி.ஐ. கியூ.சி.ஐ. 1 (குரல்): தாமதம் 100 மில்லி நொடி, நூற்றில் ஒரு பாக்கெட் தொலையலாம். கியூ.சி.ஐ. 9 (பொது இணையம்): தாமதம் 300 மில்லி நொடி, பத்து லட்சத்தில் ஒன்றுதான் தொலையலாம். முதலில் சொன்ன அடிப்படை விதி இங்கே தரநிலை அட்டவணையாகவே அச்சாகியிருக்கிறது.

இந்தியா: ஆண்டுகள்

• 1882: கல்கத்தா, பம்பாய், மதராஸில் தொலைபேசி இணைப்பகங்கள்.
• 1960: முதல் எஸ்.டி.டி., கான்பூர் – லக்னோ.
• 1984: சி-டாட் (தொலைத்தொடர்பு ஆய்வு மையம்).
• 1995: ஜூலை 31, முதல் கைப்பேசி அழைப்பு (மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு – மத்திய அமைச்சர் சுக்ராம்), ஆகஸ்ட் 15 பொதுமக்களுக்கு இணையம்.
• 1997: டிராய் (ஒழுங்குமுறை ஆணையம்). 2000: டி.டி.சாட் (தீர்ப்பாயம்), அக்டோபர் 1 முதல் பி.எஸ்.என்.எல்.
• 2011: ஜனவரி 20, எண் மாறாமல் நிறுவனம் மாறும் வசதி நாடெங்கும்.
• 2013: ஜூலையில் தந்தி சேவை நிறுத்தம்.
• 2022: அக்டோபர் 1, 5ஜி.
• 2023: தொலைத்தொடர்புச் சட்டம். 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்துக்கு மாற்றாக வந்தது.