கல் எடுத்த பின் ஸ்டென்ட் எல்லோருக்கும் தேவையா?

சிறுநீரகத்திலிருந்து இறங்கிய கல் சிறுநீர்க்குழாயில் அடைத்துக்கொண்டால், சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய கருவியைச் செலுத்தி, லேசரால் உடைத்து எடுக்கிறார்கள். அதன்பின் பலருக்கு உள்ளே ஒரு மெல்லிய குழாயை வைத்து அனுப்புகிறார்கள். இதுதான் 'டிஜே ஸ்டென்ட்'. இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட் போல இது நிரந்தரமானது என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். அப்படியல்ல. இதைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும்.

ஏன் வைக்கிறார்கள்? கருவி சென்று வந்த சிறுநீர்க்குழாய் சில நாட்கள் வீங்கியிருக்கும். சிறுநீர் தடைபட்டால் கடும் வலியும் கிருமித் தொற்றும் வரலாம். ஸ்டென்டின் ஒரு முனை சிறுநீரகத்திலும் மறுமுனை சிறுநீர்ப்பையிலும் சுருண்டு நின்று வழியைத் திறந்து வைக்கிறது.

எல்லோருக்கும் தேவையா? இல்லை. கல் முழுவதும் வந்துவிட்டது, குழாயில் காயமோ சுருக்கமோ இல்லை, தொற்று இல்லை, இரு சிறுநீரகங்களும் நன்றாக உள்ளன என்றால் ஸ்டென்ட் இல்லாமலே விடலாம் என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். ஒரே சிறுநீரகம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், காயமோ தொற்றோ உள்ளவர்கள், மீதிக் கல்லுக்கு மறுபடி சிகிச்சை தேவைப்படுபவர்கள் ஆகியோருக்கு அது பாதுகாப்பு. முடிவு மருத்துவருடையது, காரணத்தைக் கேட்டறிவது நம் உரிமை.

ஸ்டென்ட் இருக்கும்போது அடிக்கடி சிறுநீர் வருவது, எரிச்சல், விலாவில் வலி, சிறுநீர் சற்றுச் சிவந்து போவது ஆகியவை சகஜம். மாத்திரையால் குறையும். ஆனால் குளிர்காய்ச்சல், இரத்தக் கட்டிகள், சிறுநீர் நின்றுபோவது ஆகியவை ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ரமலானாக இருந்தால், நோன்பு வைக்கலாமா என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் ஸ்டென்டை எடுத்துவிடுவார்கள். சில நிமிட வேலைதான். அன்றே வீடு திரும்பலாம். வலி போய்விட்டது, செலவாகும் என்று தள்ளிப்போட்டால் அதன் மேலேயே கல் படியும். மாதங்கள் கடந்தால் எடுப்பதே பெரிய அறுவை சிகிச்சையாகிவிடும். சிறுநீரகமே செயலிழக்கவும் கூடும்.

எனவே வீடு திரும்புமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஸ்டென்ட் வைத்திருக்கிறீர்களா? எந்தத் தேதியில் எடுக்க வேண்டும்? அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, காப்பீட்டில் சேருமா? அந்தத் தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து, குடும்பத்தில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். முதியவர்கள் மறந்தாலும் பிள்ளைகள் நினைவூட்டுவார்கள், இன்ஷா அல்லாஹ்.