உதவித் தொகையும் உடன்படிக்கையும்

மேற்படிப்பிற்குப் பொருளுதவி வேண்டி விண்ணப்பிக்கும் மாணவர், தொகை எவ்வளவு என்று மாத்திரம் வினவுதல் போதாது. அஃது எத்துணைக் காலம் கிடைக்கும், கைம்மாறாக யாது கேட்கப்படும் என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும்.

1913-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெறாத இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஈராண்டுகட்கு அளித்தது. மூன்று திங்கட்கொருமுறை ஆராய்ச்சி அறிக்கை தருதல் அதன் நிபந்தனை. அவ்வாண்டே பரோடா மன்னரின் உதவியால் அமெரிக்கா சென்ற அம்பேத்கர், பத்தாண்டு சமஸ்தான ஊழியத்திற்கு உடன்பட்டிருந்தார். உதவிக் காலம் முடிந்தமையால், 1917-இல் இலண்டன் படிப்பை இடையில் நிறுத்தித் திரும்பினார். 1920-இல் தம் சேமிப்பும் பிறர் உதவியும் கொண்டு மீண்டும் சென்று முடித்தார்.

ஆகலின், மாணவீர்! கையொப்பமிடுமுன் படிப்பின் ஆண்டுகளையும் உதவியின் ஆண்டுகளையும் அருகருகே எழுதிப் பாருங்கள். குறையும் ஆண்டிற்கு வழி தேடிய பின்னரே புறப்படுக.