நோட்டரி முத்திரை கிரயம் ஆகாது

“நோட்டரி போட்டாச்சுங்க, இனி காடு நம்முளுதுங்க.” புதுச்சத்திரம் பக்கம் இந்தப் பேச்சு காதில் விழாத வாரமே இல்லை. சேலம்–நாமக்கல் நால்வழிச் சாலையின் இருபுறமும் காடுகள் மனைகளாக மாற மாற, இந்த நம்பிக்கையும் ஊர் ஊராகப் பரவிவிட்டது. படித்தவர்களும் நம்புகிறார்கள், அரசு வேலையில் இருப்பவர்களும் நம்புகிறார்கள். நிலத் தகராறு வழக்குகளையே பெரும்பாலும் நடத்தும் வக்கீல் என்ற முறையில் சொல்கிறேன்: நோட்டரி முத்திரையால் ஒரு சென்ட் நிலம்கூடக் கைமாறாது.

இது என் சொந்தக் கருத்து இல்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 54ஆவது பிரிவு: நூறு ரூபாய்க்குக் குறையாத அசையாச் சொத்தின் கிரயம் பதிவான பத்திரத்தால் மட்டுமே நடக்கும். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் 17, 49 ஆகிய பிரிவுகளும் இதையே உறுதி செய்கின்றன. ஒப்பந்தமும் பவரும் உயிலும் சேர்த்து வாங்கிவிட்டால் நிலம் வந்துவிடும் என்று வடநாட்டில் நடந்துகொண்டிருந்த வியாபாரத்தையும் உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் செல்லாது என்று சொல்லிவிட்டது.

என்னிடம் வரும் தாள்கள் எல்லாம் ஒரே அச்சுதான். முதல் பக்கம் இருபது ரூபாய்ப் பத்திரம், பின்புறம் முத்திரைத்தாள் விற்றவரின் ரப்பர் ஸ்டாம்ப். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரு தரப்புக் கையெழுத்து. “முழுத்தொகையும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு சுவாதீனம் ஒப்படைக்கப்பட்டது” என்று ஒரு வரி. கடைசிப் பக்கத்தில் நோட்டரியின் வட்ட முத்திரை, ஒட்டுவில்லை, கையெழுத்து, பக்கத்தில் பேனாவால் எழுதிய ஓர் எண். “இதோ ஆவண எண் இருக்குங்களே” என்று அந்த எண்ணின் மேல் விரலை வைப்பார்கள். அது சார்பதிவகம் கொடுத்த எண் இல்லை ஐயா. நோட்டரி தன் பதிவேட்டில் குறித்துக்கொண்ட வரிசை எண்.

அந்த முத்திரை எதற்குச் சாட்சி? இன்ன தேதியில், இன்னார் என் முன் வந்து, அடையாளம் காட்டி, இதில் கையெழுத்துப் போட்டார் என்பதற்கு. 1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம், 8ஆவது பிரிவில் சான்றளிக்கவும், உறுதிமொழி செய்விக்கவும், மொழிபெயர்க்கவும், இன்னும் சில வேலைகளுக்கும் அவருக்கு அதிகாரம் தருகிறது. நிலத்தை மாற்றிக்கொடுக்கும் அதிகாரம் அந்தப் பட்டியலில் இல்லை. விற்பவருக்கு நிலம் உண்மையில் சொந்தமா, அடமானத்தில் இருக்கிறதா, தங்கைக்குப் பங்கு இருக்கிறதா என்று அவர் விசாரிப்பதில்லை. அது அவர் வேலையும் இல்லை. உள்ளே எழுதியிருப்பது முழுப் பொய்யாக இருக்கும் தாளிலும் நேர்மையான நோட்டரியின் முத்திரை இருக்க முடியும்.

இதில் பெரிய ஆபத்து வில்லங்கச் சான்றில் இருக்கிறது. பதிவான ஆவணங்கள்தான் அதில் ஏறும். நோட்டரித் தாள் ஏறாது. ஆகவே உங்களுக்கு நோட்டரி போட்டுக்கொடுத்த அதே ஆள், அடுத்த மாதமே அதே மனையை இன்னொருவருக்கு முறையாகக் கிரயம் செய்துகொடுக்கலாம். வில்லங்கம் போட்டுப் பார்க்கும் அந்த இரண்டாமவருக்கு உங்கள் பெயர் எங்கேயும் தெரியாது. வீடு கட்டி, போர் போட்டு, தென்னை வைத்த பிறகு அவர் பத்திரத்தோடு வந்து நிற்கும்போதுதான் என்னைப் போன்றவர்களைத் தேடி ஓடிவருகிறீர்கள்.

“அனுபவம் என்கிட்ட இருக்கே” என்பார்கள். 2001 செப்டம்பர் வரை அதற்கு ஒரு பிடிமானம் இருந்தது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஏ பிரிவையும் பதிவுச் சட்டத்தையும் அப்போது திருத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு எழுதிய பதிவாகாத ஒப்பந்தம் அந்தப் பாதுகாப்பைத் தராது. கிரயம் செய்துகொடுக்கச் சொல்லிப் போடும் வழக்கில் அந்தத் தாளைச் சான்றாகக் காட்டலாம், அவ்வளவுதான். முத்திரைத் தீர்வை குறைவு என்றால் குறைந்த தொகையோடு அதைப்போல் பத்து மடங்குவரை தண்டமும் கட்டச் சொல்வார்கள்.

இத்தனை ஆபத்து இருந்தும் ஏன் நோட்டரியிடம் போகிறார்கள்? ஒரு காரணம் செலவு. கிரயத்துக்கு ஏழு சதவீதம் முத்திரைத் தீர்வை, அதற்கு மேல் பதிவுக் கட்டணம். அந்தச் சுமை எனக்கும் தெரியும். இன்னொரு காரணம் அங்கீகாரமில்லாத மனை. அதைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9இல் உத்தரவிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 20க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்திக்கொள்ள அரசு பிறகு வழியும் வைத்தது. அதைச் செய்யாத ஆட்கள்தான் “பதிவு நிறுத்தி வெச்சிருக்காங்க, இப்போதைக்கு நோட்டரி போட்டுக்கலாம்” என்று சொல்லி மனையைத் தள்ளிவிடுகிறார்கள். பதிவாளர் பதிய மறுக்கும் மனைக்கு முழுப்பணத்தையும் எண்ணிக் கொடுப்பது என்ன தைரியம்? ஏன் பதியவில்லை என்று ஒரு கேள்வி கேட்க வேண்டாமா?

மற்ற நம்பிக்கைகளைச் சுருக்கமாகவே முடிக்கலாம். லாரியை நோட்டரி போட்டு விற்றுவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நாமக்கல் முழுக்க நினைப்பு. ஆர்.சி.யில் பெயர் மாறாதவரை விபத்து இழப்பீட்டுக்கு நீங்கள்தான் உரிமையாளர் என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 29, 30 ஃபார்ம்களை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்துப் பெயரை மாற்றுங்கள். நோட்டரி முன் கல்யாணமும் ஆகாது, விவாகரத்தும் ஆகாது. அப்படிப் பத்திரம் போடும் நோட்டரிமேல் நடவடிக்கை உண்டு என்று மத்திய சட்டத்துறை 2024 அக்டோபரில் எச்சரித்திருக்கிறது. முத்திரைத்தாள் ஆறு மாதத்தில் காலாவதி ஆகாது. ஆறு மாதக் கெடு, உபயோகிக்காத தாளைக் கொடுத்துப் பணம் திரும்பப் பெறுவதற்கு மட்டும். உயிலுக்கு நோட்டரி தேவையே இல்லை, இரண்டு சாட்சிகள் தேவை. நிலத்துக்கான பவரைத் தமிழ்நாட்டில் எழுதினால் 2012 டிசம்பர் முதல் பதிவு கட்டாயம். மகன் துபாயில் இருந்தால் மட்டும் அங்குள்ள நோட்டரி முன்போ இந்தியத் தூதரகத்திலோ கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். இங்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டு. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். மண்டலம், மாவட்டம், சார்பதிவகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு போதும். வாங்கும்போது மட்டும் அல்ல, பொங்கலுக்குப் பொங்கல் உங்கள் சொந்த நிலத்துக்கும் பாருங்கள். அப்பா பெயரில் இருக்கும் காட்டுக்கும் பாருங்கள். பத்தாவது படிக்கும் பேத்திக்குக்கூட இது அரைமணி வேலை. ஆள்மாறாட்டப் பத்திரம் நடந்திருந்தால் அந்த ஆண்டே தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்திலேயே இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பேன்.

ஏற்கெனவே நோட்டரித் தாளோடு உட்கார்ந்திருப்பவர்கள் இன்றே அதை எடுத்துத் தேதியைப் பாருங்கள். கிரயம் முடிக்க அதில் கெடு குறித்திருந்தால், வழக்குப் போட அந்த நாளிலிருந்து மூன்றே ஆண்டுகள்தான். கெடு இல்லையென்றால் விற்றவர் மறுத்தது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். விற்றவர் உயிரோடும் நல்ல மனத்தோடும் இருந்தால், மனைக்கு அங்கீகாரமும் இருந்தால், இந்த மாதமே அவரைப் பத்திர ஆபீஸுக்கு அழைத்துப் போங்கள்.