கசிவைப் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள மாணவிக்கு,

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது கேட்டாயே: "பெர்மியேஸ் இருந்தால்தானே சார் லாக்டோஸ் உள்ளே வரும்? லாக்டோஸ் வந்தால்தானே பெர்மியேஸ் உண்டாகும்? எது முதல்?" பதில் சொல்வதற்குள் உன் பேருந்து வந்துவிட்டது. மூன்று நாளாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

உன் கேள்வி சரி, பாடநூல்தான் தவறு. அடக்கிப் புரதம் டி.என்.ஏ.வின் இயக்கிப் பகுதியில் ஒட்டிக்கொண்டால், லாக்டோஸைக் கையாளும் மரபணுத் தொகுதியான லாக் ஓபரான் முற்றாக அணைந்துவிடும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அணைவதே இல்லை. அடக்கி அவ்வப்போது டி.என்.ஏ.வை விட்டுக் கழலும். அந்த இடைவெளியில் ஓர் ஆர்.என்.ஏ. எழுதப்பட்டுவிடும். அதனால் லாக்டோஸையே பாராத ஈ.கோலையிலும் சொற்பம் பெர்மியேஸும், லாக்டோஸை உடைக்கும் பீட்டா கேலக்டோசிடேஸும் இருக்கும். முதல் லாக்டோஸ் நுழைவது அந்தச் சொற்பத்தின் வழியாகத்தான். இன்னொன்று, அடக்கியைக் கழற்றுவது அல்லோலாக்டோஸ். லாக்டோஸிலிருந்து அதை உண்டாக்குவதும் அதே பீட்டா கேலக்டோசிடேஸ்! கசிவு இல்லையென்றால் இந்த ஓபரான் ஒருநாளும் திறக்காது.

கசியாமல் எப்படி இருக்கும்? 1966இல் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் அடக்கியைப் பிரித்தெடுத்தபோது, ஒரு செல்லுக்குப் பத்து மூலக்கூறுகள் அளவுக்குத்தான் தேறியது. அது புரதம் என்பதே அப்போதுதான் உறுதியாயிற்று. 1961 கட்டுரையில் ழாக்கோபும் மோனோவும் அதை ஆர்.என்.ஏ. என்று ஊகித்திருந்தார்கள். அந்தக் கட்டுரையை நூலகத்தில் எடுத்துப் படி. நான் ஒரு கோடை விடுமுறை முழுக்க அதோடு கிடந்தேன். தவறான ஊகத்தோடும் அவ்வளவு தெளிவாகச் சிந்திக்க முடியும் என்று அதில்தான் கண்டேன்.

அதற்கு முன்பே, 1957இல், நோவிக்கும் வெய்னரும் ஒன்று காட்டினார்கள். தூண்டியை, அதாவது அடக்கியைக் கழற்றும் மூலக்கூறை, குறைவாகக் கொடுத்தால் எல்லாச் செல்களும் அரைகுறையாகத் திறப்பதில்லை. சில முழுதாகத் திறக்கும், மற்றவை மூடியே இருக்கும். காரணம் கசிவேதான். தற்செயலாகக் கூடுதல் பெர்மியேஸ் பெற்ற செல் கூடுதல் தூண்டியை இழுக்கிறது. அது மேலும் பெர்மியேஸை வரவழைக்கிறது.

ஆகவே "பாக்டீரியா முடிவெடுக்கிறது" என்று இனி விடைத்தாளில் எழுதாதே. எனக்குக் கோபம் வரும். முடிவெடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்? ஒரு மூலக்கூறு ஒட்டுகிறது, அடக்கியின் வடிவம் மாறிப் பிடி தளர்கிறது.

அடுத்த முறை 'அணைந்த' ஓபரானை வரையும்போது, பக்கத்தில் நூலிழைபோல் ஓர் ஆர்.என்.ஏ.வையும் வரை. யாராவது மதிப்பெண் குறைத்தால் தாளோடு என்னிடம் வா, நான் பேசுகிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்